இரு விமான நிலையங்களும் ஒரு கரையூரும்

தூரத்தை அளவுகோலால் அளப்பது அரசாங்கத்தின் வழக்கம். பொழுதால் அளப்பது பிரயாணியின் வழக்கம். கிழக்கிலங்கைக் கரையோரத்தில், கல்முனைக்குத் தெற்கேயும் காரைதீவுக்கு வடக்கேயும் அமைந்த சாய்ந்தமருதூரின் போக்குவரத்து வரலாறு, இவ்விரு அளவைகளுக்கும் உள்ள வேறுபாட்டை நன்கு விளக்கும்.

இவ்வூருக்கு அண்மையில் விமான நிலையங்கள் இரண்டு உள. வடக்கே மட்டக்களப்பு நிலையம். மேற்கே, முன்னாளில் கல்லோயா எனப் பெயர் பெற்றிருந்த அம்பாறை நிலையம். நேர்கோட்டில் முன்னது ஏறத்தாழ 38 கிலோமீற்றர். பின்னது ஏறத்தாழ 25 கிலோமீற்றர். இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட வான்வழித் தூரமோ 40 கிலோமீற்றர் அளவே. மணிக்குச் சுமார் 270 கிலோமீற்றர் செல்லும் டகோட்டா விமானத்துக்கு அது ஒன்பது நிமிடப் பறப்பு. ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைக் கூட்டினாலும் கால்மணி நேரத்தை அதிகம் மிஞ்சாது.

எயார் சிலோன் நிறுவனம் 1947 டிசம்பர் 10ஆம் நாள் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பறப்பை நடத்தியது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, அம்பாறைக் காட்டில் குடியேற்றத் திட்டம் உருவாயிற்று. மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் திறக்கப்பட்டது. இவ்விரு நிலையங்களும் எயார் சிலோனின் உள்நாட்டுச் சேவையில் இடம் பெற்றன.

அச்சேவையின் பயனை அக்காலப் பிரயாணியே நன்கறிவான். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய வழியாக மட்டக்களப்பை அடையும் பெருந்தெரு சுமார் 430 கிலோமீற்றர் நீளமானது. 1928இல் மட்டக்களப்பை எட்டிய புகையிரதப் பாதை, கல்முனைக்கு நீட்டப்படாமல் அங்கேயே நின்றுவிட்டது. வான்வழியிலோ இரத்மலானைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே 220 கிலோமீற்றர்தான். டகோட்டாவுக்கு அது ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம்.

எனினும், விமானம் குறைத்தது வானத்துத் தூரத்தை மட்டுமே. மட்டக்களப்பில் விமானமேற விரும்பிய சாய்ந்தமருது வணிகரோ நோயாளியோ, கரையோரத் தெருவால் வடக்கே சென்று, 1924இல் கட்டப்பட்ட ஒடுங்கிய கல்லடிப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். ஒரு வண்டி வந்தால் மறு வண்டி காத்து நிற்கும் பாலம் அது. மாரியில் வெள்ளம் தெருவை மறித்தால், ஒரு மணி நேரப் பறப்புக்காக அரை நாளைத் தரையிலேயே இழக்க நேரும். அதற்குத் துணையாகப் புதிய பாலம் 2013இல்தான் திறக்கப்பட்டது.

1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று; சாய்ந்தமருதும் அதனுள் அடங்கிற்று. சில ஆண்டுகளே ஒரே மாவட்டத்தில் இருந்த இரு நிலையங்களும் அதன்பின் வெவ்வேறு மாவட்டங்களுக்கு உரியனவாயின. 1979இல் எயார் சிலோனின் இடத்தில் எயார் லங்கா தோன்றியது. 1983இல் மட்டக்களப்பு நிலையம் விமானப் படையின் பொறுப்பிற் சென்றது. போர்க்காலம் முழுவதும், வானில் ஒரு மணி நேரமாயிருந்த கொழும்பு, கரையூர் மக்களுக்கு மீண்டும் ஓர் இரவுப் பிரயாணமாயிற்று. சோதனைச் சாவடிகள் அவ்விரவை மேலும் நீட்டின. 2018 மார்ச்சிலேயே மட்டக்களப்பு நிலையம் பொதுமக்களின் விமான சேவைக்கு மறுபடியும் திறக்கப்பட்டது.

இவ்வளவு மாற்றங்களுக்கிடையிலும் 40 கிலோமீற்றர் 40 கிலோமீற்றராகவே இருந்தது. மாறியதெல்லாம் மனிதன் செலவிட்ட பொழுதே. பாலமும் தெருவும் அமைதியும் சேர்ந்தே அதனைக் குறைத்தன. அவற்றுள் ஒன்று தவறியபோது, விமானத்தின் விரைவு கரையூர் மக்களுக்குக் கைகொடுக்கவில்லை. ஓடுபாதையின் நீளத்தைக் கணிப்போர், வீட்டு வாயிலிலிருந்து அவ்வோடுபாதை வரையுள்ள வழியையும் கணிக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.