வெட்டுப்புள்ளிக்கு இருபுறமும்: விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் திறனறித் தேர்வு மதிப்பெண்களின் பொருள்

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் பெரிய தேர்வு தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித்தொகைத் தேர்வு. பள்ளிகளில் அதன் பெயர் ‘என்எம்எம்எஸ்’. தேர்ச்சிப் பட்டியலில் இடம்பெற்ற பிள்ளையை ஊரே ‘திறமைசாலி’ என்கிறது. இடம்பெறாத பிள்ளையிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை; அந்தப் பிள்ளை அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது. உதவித்தொகையைப் பகிர்ந்தளிக்க இந்த மதிப்பெண் உதவும். யாரிடம் திறன் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று சொல்ல அதனால் இயலாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

தேர்வின் அமைப்பிலிருந்தே தொடங்கலாம். மனத்திறனுக்கு 90, படிப்பறிவுத் திறனுக்கு 90 என மொத்தம் 180 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதுவுமே தெரியாமல் வட்டங்களை நிரப்பினாலும் சராசரியாக 45 கிடைக்கும். 60 வினாக்களுக்கு உறுதியாக விடை தெரிந்த ஒரு பிள்ளை மீதி 120ஐயும் ஊகித்து எழுதினால் எதிர்பார்க்கத்தக்க மதிப்பெண் 90. ஊகத்தால் மட்டுமே விளையும் திட்டவிலக்கம் ஏறத்தாழ 4.7. அதாவது, ஒரே அளவு தெரிந்த நூறு பிள்ளைகளை எழுதவைத்தால் சுமார் 95 பேரின் மதிப்பெண்கள் 81க்கும் 99க்கும் இடையே சிதறும். எந்தப் பிள்ளையும் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அன்றைய காய்ச்சல், தாமதமான பேருந்து, ஓஎம்ஆர் தாளில் வரிசை தவறிய ஒரு வட்டம் ஆகியவை இந்தக் கணக்கில் சேரவேயில்லை. இதுபோன்ற அகலமான ஒரு பட்டைக்குள்தான் வெட்டுப்புள்ளி விழுகிறது. அதன் மேலே நிற்பவருக்கும் கீழே நிற்பவருக்கும் திறனில் வேறுபாடு உண்டு என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை.

அந்த வெட்டுப்புள்ளியும் பிள்ளையைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. 40 விழுக்காடு (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 32) பெறுவது தகுதிக்கு மட்டுமே. தமிழ்நாட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட 6,695 இடங்களே முடிவைத் தீர்மானிக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் எழுதும் ஊரகத் திறனாய்வுத் தேர்வில், அதாவது ‘ட்ரஸ்ட்’ தேர்வில், இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. அங்கே ஒவ்வொரு வருவாய் மாவட்டத்துக்கும் 50 மாணவர், 50 மாணவியர் என்பதே விதி. பரப்பில் மிகப் பெரியதாக இருந்த விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஒரு நூறு இடங்களுக்குப் போட்டியிட்ட நிலப்பரப்புக்கு அந்த விதிப்படி இருநூறு இடங்கள். பிள்ளைகளின் மூளையில் எந்த மாற்றமும் நிகழவில்லை. மாவட்ட எல்லை மாறியது, அதனால் ஒரே மதிப்பெண்ணின் பொருளும் மாறியது.

எல்லை இன்னொரு வகையிலும் வேலை செய்கிறது. புதுச்சேரி காலாப்பட்டில் மத்திய அரசின் நவோதயா உறைவிடப் பள்ளி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அந்தந்த மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளே அங்குள்ள நவோதயாவுக்குத் தேர்வெழுத முடியும். எல்லைக்கு இந்தப்புறம், தமிழ்நாட்டு மரக்காணத்துப் பிள்ளைக்கு மதிப்பெண் என்ற ஒன்றே கிடையாது. தமிழ்நாட்டில் நவோதயா இல்லாததற்குக் காரணமான மொழிக்கொள்கை குறித்து யாருக்கு எந்த நிலைப்பாடு இருந்தாலும், மதிப்பெண் இல்லாததைத் திறன் இல்லாததாக வாசிக்க முடியாது.

வயது குறையக் குறைய, மதிப்பெண்ணைத் திறனாக வாசிக்கும் இந்தச் சிக்கல் பெருகும். 1905இல் பிரான்சில் பினேயும் சிமோனும் அமைத்த நுண்ணறிவுச் சோதனையின் அடிப்படையே பிள்ளையை அதன் வயதொத்தவரோடு ஒப்பிடுவதுதான். நம் தேர்வுகள் வகுப்பை மட்டுமே பார்க்கின்றன. ஒரே வகுப்பில் பதினொரு மாத இடைவெளி இயல்பு. ஐந்து வயதில் அது வாழ்நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சேர்க்கைக்கு முன் பிள்ளையைச் சோதித்து வடிகட்டுவதைக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடைசெய்திருப்பதை, அளவையியல் நோக்கிலும் சரியான முடிவென்றே நான் கருதுகிறேன். தனியார் உளவியல் சோதனைகளும் இதற்கு மாற்றாகா. வெக்ஸ்லரின் நுண்ணறிவுச் சோதனைக்கு மாலின் செய்த, இன்றும் கையாளப்படும் இந்தியத் தழுவல் 1969இல் வந்தது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய பிள்ளைகளோடு இன்றைய பிள்ளையை ஒப்பிட்டுப் பெறும் எண், நுண்ணறிவு மதிப்பெண்கள் தலைமுறைதோறும் உயர்வதாக ஆய்வாளர் ஃபிளின் காட்டிய போக்கால் மிகையாகவே இருக்கும்.

கடந்துவந்த ஆண்டுகளும் மதிப்பெண்ணில் சேர்ந்தே பதிகின்றன. 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள், கொரோனா தொற்றால் பள்ளிகள் மூடியிருந்ததால், 2021 நவம்பரில், இரண்டாம் வகுப்பின் நடுவில்தான் வகுப்பறைக்குள் வந்தார்கள். அந்த இழப்பை ஈடுசெய்யத்தான் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. இடைநிற்காமல் வந்தால் இவர்கள் என்எம்எம்எஸ் எழுதுவது 2027–28 கல்வியாண்டில். பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போகும் இருளர் பழங்குடிப் பிள்ளைகளில் பலர் எட்டாம் வகுப்பை எட்டுவதேயில்லை. பட்டியலில் அவர்கள் தோற்றவர்களாகக்கூட இடம்பெறுவதில்லை.

தேர்வை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாதம் 1,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகள் என்பது கூலி வேலை செய்யும் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளையைப் பள்ளியில் தக்கவைக்கக்கூடிய தொகை. ஆனால் முடிவுகளோடு பிழை எல்லையும் வெளியிடப்பட வேண்டும். வெட்டுப்புள்ளிக்குக் கீழே பத்து மதிப்பெண்ணுக்குள் நின்றவர்களின் பட்டியல் பள்ளிகளுக்குத் தனியே தரப்பட வேண்டும். அடுத்த ஆண்டு ஊரகப் பள்ளிப் பிள்ளைக்கு ‘ட்ரஸ்ட்’ என்ற இரண்டாம் வாய்ப்பு இருக்கிறது. நகராட்சிப் பள்ளிகள் அதற்குத் தகுதியற்றவை என்பதால், கிராமத்திலிருந்து பேருந்தேறித் திண்டிவனம் நகரப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அதுவும் இல்லை. முதலில் திருத்த வேண்டிய விதி அதுதான்.