கண் சொன்ன தரமும் கருவி சொன்ன தரமும்

முற்காலத்தில் ரப்பருக்குத் தரம் சொன்னவை கண்கள்தாம். புகை போட்ட ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, நிறமும் குமிழியும் கறையும் பார்த்து விலை பேசினார்கள். ரப்பரின் உள்ளே இருக்கும் குணத்தைக் கண் எப்படி அறியும்?

1934-ஆம் ஆண்டில் மெல்வின் மூனி என்ற அமெரிக்க அறிஞர் அதற்கொரு கருவியை வகுத்தார். 100 பாகை சூட்டில், ரப்பருக்கு நடுவே ஒரு வட்டத் தகடு நிமிடத்துக்கு 2 சுற்றுச் சுழலும். ரப்பர் அதை எவ்வளவு தடுக்கிறது என்பதே மூனி எண். எண் கூடினால், ஆலையில் பிசைவது கடினம்.

1965-இல் மலேசியா, ரப்பரைச் சோதித்துத் தரம் குறிக்கும் எஸ்.எம்.ஆர். திட்டத்தைத் தொடங்கியது. அதன் சி.வி.60 வகைக்கு மூனி எண் 60-ஐ ஒட்டியிருக்க வேண்டும். அழுக்குக்கும் கணக்கு உண்டு. ரப்பரைச் சூடான திரவத்தில் கரைத்து, நுண்ணிய சல்லடையில் வடித்து, மிஞ்சுவதை நிறுப்பார்கள். எஸ்.எம்.ஆர். 5 என்றால், 100 கிலோவில் அழுக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது.

மங்கில் விழும் பட்டைத்தூளும் மணலும் அந்தத் தராசில் ஏறும். மங்கைத் துடைத்துவைத்த கையின் உழைப்பும் அங்கேதான் தெரியும். ஆனால் கருவி எண்ணை மட்டுமே சொல்லும். அந்தக் கை யாருடையது என்பதைப் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லவேண்டும்.