எல். ஆர். ஈஸ்வரி: திரையிசையும் அம்மன் பாடல்களும்

எல். ஆர். ஈஸ்வரி (பிறப்பு: 1939) தமிழ்த் திரைப்படப் பின்னணிப் பாடகியும் பக்திப் பாடகியும் ஆவார். 1960களில் கேளிக்கை விடுதி நடனப் பாடல்களால் அறியப்பட்ட இவரது குரல், பின்னர் அம்மன் கோயில் திருவிழாக்களின் குரலாயிற்று.

இளமை

ஈஸ்வரி சென்னையில் கத்தோலிக்கக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. தாயார் திரைப்படங்களில் கோரஸ் பாடியவர். அவரைப் பின்பற்றி ஈஸ்வரியும் கோரஸ் பாடத் தொடங்கினார். 'நல்ல இடத்து சம்பந்தம்' (1958) படத்தில் கே. வி. மகாதேவன் இவருக்குத் தனியாகப் பாடும் வாய்ப்பளித்தார். எம். எஸ். ராஜேஸ்வரி என்னும் பாடகி ஏற்கெனவே இருந்ததால், இவர் பெயர் எல். ஆர். ஈஸ்வரி ஆயிற்று.

திரையிசைக் காலம்

'பாசமலர்' (1961) படத்தில் விசுவநாதன் - ராமமூர்த்தி இசையில் பாடிய, மணப்பெண்ணைத் தோழி அழைக்கும் பாடல் இவருக்குப் பெரும்புகழ் தந்தது. இன்றும் திருமண வீடுகளில் அப்பாடல் ஒலிக்கிறது.

அக்காலத்தில் கதாநாயகியருக்குப் பெரும்பாலும் பி. சுசீலா பாடினார். விடுதி நடனம், குறும்பு, கேலி ஆகியவற்றுக்கு ஈஸ்வரி அழைக்கப்பட்டார். 'பணமா பாசமா' (1968) படத்தில் இலந்தைப்பழம் விற்கும் பெண்ணுக்காகத் தெருப்பேச்சின் நடையில் பாடினார். 'சிவந்த மண்' (1969) படத்தின் சாட்டையடி நடனப் பாடலில் வலியின் ஒலியையே இசையாக்கினார். 'வெள்ளி விழா' (1972) படத்திலோ, வி. குமார் இசையில், காதோடு பேசுவது போன்ற தணிந்த குரலில் பாடினார். ஆயினும் 'விடுதிப் பாடகி' என்ற முத்திரை எளிதில் நீங்கவில்லை. 1970களின் பிற்பகுதியில் திரைவாய்ப்புகள் குறைந்தன.

அம்மன் பாடல்கள்

இசைத்தட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் வெளிவந்த 'செல்லாத்தா', 'கற்பூர நாயகியே' போன்ற பாடல்கள் இவரைப் புதிய கூட்டத்தாரிடம் கொண்டு சேர்த்தன. இவை கச்சேரி மேடைக்குரிய கீர்த்தனைகள் அல்ல. அம்மனைத் தாயாக நேரில் அழைக்கும் எளிய பாடல்கள். திரையில் விடுதிக்கு மட்டும் உரியதாகக் கருதப்பட்ட திறந்த குரலும் தாளத் துடிப்பும் இங்கே பக்திக்குப் பயன்பட்டன. குரல் மாறவில்லை, அது ஒலித்த இடமே மாறியது. பாடியவர் எந்தச் சமயத்தில் பிறந்தவர் என்பது கேட்போருக்குத் தடையாகவும் இல்லை.

தாக்கம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் பழைய ஊர்கள் நகரத்தோடு கலந்துவிட்டன. ஊர் அம்மன் கோயில்கள் நிலைத்துள்ளன. ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும்போது பந்தல் ஒலிபெருக்கிகளில் ஈஸ்வரியின் பாடல்கள் ஒலிப்பது இங்கு வழக்கம். வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவர்களும் அவற்றைத் தம் ஊர்த் திருவிழாவிலேயே கேட்டுப் பழகியவர்கள்.

'ஒஸ்தி' (2011) படத்தில் தமன் இசையில் மீண்டும் ஒரு துள்ளல் பாடலைப் பாடி இளைய தலைமுறையையும் கவர்ந்தார். தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்றவர். திருமண வீடு, நடன மேடை, அம்மன் கோயில் என மூன்று இடங்களிலும் அவர் குரல் இன்றும் ஒலிக்கிறது.