ஐந்து நோயாளிகளில் தொடங்கிய கட்டுரை: பில் ஹீல்டும் மலக்குடல் புற்றுநோயும்

ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளர் எத்தனை கட்டுரை எழுதினார் என்று எண்ணிப் பார்ப்பது இன்று எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் என்ற ஊரில் அறுவை மருத்துவராக இருந்த பில் ஹீல்டின் கட்டுரைகளை எண்ணுவதைவிட, வரிசையாகப் படிப்பதே பயனுள்ளது. மருத்துவத்தில் ஒரு கருத்து எப்படி மெல்ல மெல்ல நிலைபெறுகிறது என்பதை அவை காட்டுகின்றன.

முதலில் பழைய கதை. மலக்குடல் புற்றுநோயை அடிவழியாக மட்டும் வெட்டியெடுத்த காலத்தில், லண்டன் மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸின் நோயாளிகளில் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. அதனால் 1908-ல் அவர் வயிறு வழியாகவும் அடிவழியாகவும் மலக்குடல் முழுவதையும் எடுக்கும் முறையை வெளியிட்டார். உயிர் பிழைத்தவர்கள் வாழ்நாள் முழுவதும் வயிற்றில் பை கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு ஆசனவாயைக் காப்பாற்றிக் குடலை மீண்டும் இணைக்கும் முறைகள் வந்தன. ஆனாலும் இடுப்புக்குள் அதே இடத்தில் நோய் மறுபடி முளைப்பது நிற்கவில்லை. அப்படி முளைத்தால் தாங்க முடியாத வலி, பெரும்பாலும் மரணம்தான்.

ஏன் திரும்புகிறது? 1982-ல் ஹீல்டும் அவருடைய சகாக்களும் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஐந்தே ஐந்து நோயாளிகளின் விவரம். மலக்குடலைச் சுற்றி ரத்தக் குழாய்களும் நிணநீர் முடிச்சுகளும் கொண்ட ஒரு கொழுப்பு உறை உண்டு. அதன் பெயர் மெசோரெக்டம். கண்ணுக்குத் தெரியும் கட்டியின் கீழ் விளிம்புக்குப் பல சென்டிமீட்டர் கீழே, இந்த உறைக்குள் நுண்ணிய புற்றுத் துகள்கள் இருந்தன. வழக்கமான அறுவையில் இந்த உறையின் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். நோயின் விதை அங்கேயே கிடந்தது!

அவர் சொன்ன தீர்வு எளிது. கையை விட்டுப் பிரித்தெடுக்காமல், கண்ணால் பார்த்து, உறை கிழியாமல் கூர்மையாக வெட்டி முழுதாக எடுக்க வேண்டும். உறைக்கு வெளியே ரத்தமில்லாத ஓர் இடைவெளி இயற்கையாகவே இருக்கிறது. 1988-ல் அதை 'புனிதத் தளம்' என்று அழைத்தார். அந்தத் தளத்தில் சென்றால் சிறுநீர், பாலுறவு நரம்புகளையும் காப்பாற்றலாம்.

1986-ல் லான்செட் இதழில் 115 நோயாளிகளின் விவரம் வந்தது. ஐந்து ஆண்டுகளில் அதே இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு! பலர் நம்பவில்லை. ஒரே மருத்துவர், ஒரே ஊர், நோயாளிகளைப் பொறுக்கி எடுத்திருப்பாரோ என்று சந்தேகித்தார்கள். நியாயமான சந்தேகம்தான்.

பதில் வெளியிலிருந்து வந்தது. அதே 1986-ல் லீட்ஸ் நகர நோயியலாளர் ஃபில் குவர்க் 52 பேரிடமிருந்து வெட்டியெடுத்த பாகங்களைக் குறுக்காக அறுத்து ஆராய்ந்தார். 14 பேருக்குப் பக்கவாட்டு வெட்டு விளிம்பில் புற்று இருந்தது; அவர்களில் 12 பேருக்கு இடுப்பில் நோய் திரும்பியது. நோயின் குணம் மட்டுமல்ல, கத்தி போன வழியும் காரணம் என்று தெரிந்தது.

ஹீல்ட் வெற்றிகளை மட்டும் வெளியிடவில்லை. தாழ்வாகப் போடும் குடல் இணைப்பு கசிவது இந்த முறையின் பெரிய ஆபத்து. 1994-ல் அவருடைய குழு தன் 219 நோயாளிகளில் 11 சதவீதம் பேருக்குப் பெரிய கசிவு ஏற்பட்டதை வெளிப்படையாக எழுதியது.

1990-களில் அவர் ஸ்டாக்ஹோம் சென்று அங்குள்ள மருத்துவர்களுக்கு நேரில் செய்து காட்டினார். முன்பு 14, 15 சதவீதமாக இருந்த மறுவரவு அங்கே 6 ஆகக் குறைந்ததை 2000-ல் லான்செட் வெளியிட்டது. நிரந்தரப் பை தேவைப்பட்டோர் எண்ணிக்கையும் பாதிக்கு மேல் குறைந்தது. 2001-ல் வெளியான டச்சு ஆய்வில் 1,861 நோயாளிகள். இந்த அறுவையோடு கதிர்வீச்சும் முன்கூட்டியே கொடுத்தால் இரண்டு ஆண்டு மறுவரவு 2.4 சதவீதம், அறுவை மட்டும் என்றால் 8.2 சதவீதம். அதாவது எல்லோர் கையிலும் பேசிங்ஸ்டோக் கணக்கு வரவில்லை; கதிர்வீச்சுக்கும் இடம் இருந்தது.

ஐந்து நோயாளிகளோடு தொடங்கிய கட்டுரைக்குப் பதில் கிடைக்க ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின. சந்தேகப்பட்டவர்களை வாதத்தால் வெல்லவில்லை அவர்; தன் அறுவை அரங்கில் செய்ததை அவர்கள் அரங்கிலேயே போய்ச் செய்து காட்டினார். பை இல்லாமல் வீடு திரும்பிய நோயாளிகளின் கணக்கு எந்தக் கட்டுரைப் பட்டியலிலும் தனியாக இருக்காது.