ஜெர்மானியப் போர்ச் சின்னங்கள்: பினாங்கில் தேடுவோர் அறிய வேண்டியவை

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போகிறவர்கள் சுவெட்டன்ஹாம் துறையை எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். ஜப்பான்காரன் காலத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களும் பினாங்குக்கு வந்து நின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1943 ஆகஸ்டில் யு-178 கப்பலில் வந்த வில்ஹெல்ம் டோம்மஸ் இங்குள்ள ஜெர்மானியத் தளத்தின் தலைவரானார். 1944 அக்டோபரில் நேச நாட்டு விமானங்கள் துறைமுக வாயிலில் கண்ணிவெடிகளைப் போட்ட பிறகு அவர்கள் ஜாவாவுக்கு இடம்பெயர்ந்தார்கள்.

அந்த மாலுமிகளின் மார்பில் இருந்தது நீர்மூழ்கிப் போர்ச் சின்னம். 1939 அக்டோபர் 13-இல் ஏற்படுத்தப்பட்டது. பொதுவாக இரண்டு போர்ப் பயணம் முடித்தவருக்குக் கிடைக்கும். முட்டை வடிவ இலை வளையம், நடுவே இடப்பக்கம் நோக்கிய கப்பல், மேலே கழுகும் நாஜிக் குறியும். முதலில் செம்புக் கலவையில் பொன்முலாம் பூசிச் செய்தார்கள். போர் முற்றியதும் துத்தநாகத்துக்கு மாறினார்கள். பொன் தேய்ந்து சாம்பல் நிறம் தெரிந்தால் உடனே போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

அந்தக் குறியை நம் வீட்டுச் சுவஸ்திகமாக நினைத்துச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டாம். ஜெர்மனியில் அதைப் பொது இடத்தில் காட்டுவதே குற்றம். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய வீரர்கள்கூட அக்குறி நீக்கிய மறுவடிவத்தை மட்டுமே அணியலாம்.

நம்மவர்களுக்கு நெருக்கமானது இன்னொரு வகை. பெர்லினில் இருந்தபோது நேதாஜி 1942-இல் ஆசாத் ஹிந்த் விருதுகளை ஏற்படுத்தினார்: ஷேர்-ஏ-ஹிந்த், சர்தார்-ஏ-ஜங், வீர்-ஏ-ஹிந்த், ஷஹீத்-ஏ-பாரத். போர்க்களத்தில் காட்டிய வீரத்துக்கு வாள்களுடன், மற்றச் சேவைக்கு வாள்கள் இல்லாமல். அவற்றைச் செய்தது வியன்னாவின் ருடோல்ஃப் சூவால் நிறுவனம். அங்கே இந்தியப் போர்க் கைதிகளைக் கொண்டு அமைத்த படையினர், மூவண்ணத்தில் பாயும் புலியும் 'ஃப்ரைஸ் இண்டியன்' (சுதந்திர இந்தியா) என்ற ஜெர்மன் எழுத்தும் கொண்ட துணிச் சின்னத்தைக் கையில் அணிந்தார்கள்.

நேதாஜி கிழக்கே வந்த கதையிலும் பினாங்கு உண்டு. 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்தில் யு-180 கப்பலில் ஏறியவரை, மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் மாற்றி ஏற்றிக்கொண்ட ஜப்பானின் ஐ-29, பினாங்கிலிருந்து புறப்பட்ட கப்பல்தான். ஆனால் அவரை இறக்கியது சுமத்ராவை ஒட்டிய சபாங்கில். விருதுகளும் அவரோடு கிழக்கே வந்தன. மொய்ராங்கில் கொடியேற்றிய ஷௌகத் மாலிக் சர்தார்-ஏ-ஜங் பெற்றவர்.

இங்கேதான் ஏமாற்று வேலைக்கு இடம். சூவால் நிறுவனம் போருக்குப் பின்னரும் பழைய அச்சுகளிலேயே பதக்கங்களை அடித்துச் சேகரிப்பாளர்களுக்கு விற்றது. ஆகவே செய்தவர் முத்திரை இருப்பதால் மட்டும் அது போர்க்காலத்தது ஆகிவிடாது. 'ஐஎன்ஏ தாத்தாவின் பதக்கம்' என்று யாராவது பளபளப்பாக நீட்டி ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்டால், எந்தத் தாத்தா, எந்தப் படைப்பிரிவு, தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். குண்டூசியின் பற்றவைப்பு, எடை, விளிம்பு ஆகியவற்றை உறுதியான அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. கைப்பேசிப் படம் போதாது.

கடலடியில் தேடும் ஆசையும் வேண்டாம். 1944 செப்டம்பர் 23-இல் பினாங்கு அருகே பிரிட்டிஷ் நீர்மூழ்கி டிரென்சண்ட் மூழ்கடித்த யு-859 கப்பலில் 47 பேர் இறந்தார்கள். அது அவர்களுடைய கல்லறை.

தோட்டத்திலிருந்து ஐஎன்ஏவுக்குப் போன பெரியவர்களின் வீடுகளில் பழைய டின்னுக்குள் கிடப்பது பெரும்பாலும் ஜெர்மானியப் பதக்கமாக இராது. சாதாரணத் தகரச் சின்னமோ, மங்கிய அடையாளத் தாளோதான். சந்தையில் அதற்கு விலை குறைவு என்று காயலான் கடைக்குப் போடாதீர்கள். புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். தேய்த்தால் எழுத்தும் போய்விடும். உலர்ந்த காகித உறையில் வைத்து, அவர் பெயர், தோட்டம், சேர்ந்த ஆண்டு, உடன் போனவர்கள் யார் என்பதை, தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி அதோடு வையுங்கள்.