சிறு பவளத் தொட்டியில் நைட்ரேட்: சுழியம் ஏன் இலக்காக முடியாது

பவள உயிரிகளை வளர்க்கும் சிறு கடல்நீர்த் தொட்டிகளில், சோதனையில் தென்படாத அளவுக்கு நைட்ரேட்டைக் குறைப்பதே நல்ல பராமரிப்பு என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. இது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். நாம் இடும் தீனியிலுள்ள நைட்ரஜனை பாக்டீரியாக்கள் அம்மோனியா, நைட்ரைட் வழியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. புரதத்தின் எடையில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். எனவே 45 விழுக்காடு புரதமுள்ள உலர்தீனி ஒரு கிராமில் 72 மி.கி. நைட்ரஜன் இருக்கும். அது முழுவதும் மாறினால் ஏறத்தாழ 320 மி.கி. நைட்ரேட் கிடைக்கும். 80 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 4 மி.கி. உயர்வு. வாரம் அரைக் கிராம் இட்டு, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், சேர்வதும் வெளியேறுவதும் லிட்டருக்கு 20 மி.கி. அளவில்தான் ஈடாகும். ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் அது 10 ஆகும். பாசியும் பவளமும் ஒரு பகுதியை உறிஞ்சுவதால் உண்மை அளவு இதற்குக் கீழேயே நிற்கும். ஆயினும் தீனி இடும்வரை நீர்மாற்றத்தால் மட்டும் சுழியத்தை எட்ட இயலாது.

இயற்கைப் பவளத்திட்டுகளின் நீரில் நைட்ரேட் பெரும்பாலும் லிட்டருக்கு 0.1 மி.கி.க்கும் குறைவுதானே, தொட்டியும் அப்படி இருக்கலாகாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் நீரில் எஞ்சியிருக்கும் அளவு வேறு, உயிரிக்கு வந்துசேரும் அளவு வேறு. கடலில் நீரோட்டம் ஓயாமல் மிதவை உயிரிகளைக் கொண்டுவருகிறது, மீன்கூட்டங்களின் கழிவும் பவளத்தின் மேல் விழுகிறது. அந்த வரத்து இல்லாத தொட்டியில் நீரை மட்டும் வறிதாக்குவது பவளத்தையும் அதன் திசுவுக்குள் வாழும் ஒருசெல் பாசியையும் பட்டினி போடுவதாகும்.

இதைவிட வலுவான சான்று மற்றோர் ஊட்டச்சத்தான பாஸ்பேட்டிலிருந்து வருகிறது. பவள ஆய்வாளர் வீடன்மானின் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் அற்றுப்போன நீரில் வளர்ந்த பவளங்கள் வெப்பத்திலும் கடும் ஒளியிலும் எளிதில் வெளிறின. பாசியின் சவ்விலிருந்த பாஸ்போலிப்பிடுகளின் இடத்தைக் கந்தகம் கொண்ட லிப்பிடுகள் பிடித்திருந்தன. அதே ஆய்வகத்தின் 2017ஆம் ஆண்டு ஆய்வு, பாஸ்பேட் போதிய அளவு இருந்தால் நைட்ரஜன் குறைவைப் பவளம் தாங்கிக்கொள்கிறது என்று காட்டியது. ஆகவே நைட்ரேட்டைத் தனியாக அளந்து தீர்ப்புச் சொல்வது பொருளற்றது. வினிகர் அல்லது வோட்கா சேர்த்து பாக்டீரியாவைப் பெருக்கி நைட்ரேட்டைக் குறைக்கும் முறையின் ஆபத்தும் இங்கேதான். நைட்ரேட் 20 மி.கி., பாஸ்பேட் 0.05 மி.கி. உள்ள நீரில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள அணு விகிதம் 600க்கும் மேல். பாக்டீரியா ஏறக்குறைய கடல் மிதவை உயிரிகளுக்குரிய ரெட்ஃபீல்டின் 16:1 விகிதத்தில் உட்கொள்வதாகக் கொண்டால், நைட்ரேட் சுமார் அரை மி.கி. குறைவதற்குள் அந்த பாஸ்பேட் தீர்ந்துவிடும். பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனையும் உண்ணும். சிறு தொட்டி இவ்விரு இழப்புகளையும் தாங்காது.

நைட்ரேட் எவ்வளவு கூடினாலும் தீங்கில்லை என்பது இதன் பொருளன்று. பெருந்தடுப்புப் பவளத்திட்டின் ஒன் ட்ரீ தீவில் 1990களில் நடந்த என்கோர் சோதனையில், ஊட்டச்சத்து சேர்க்கப்பட்ட பவளங்களின் இனப்பெருக்கம் பாதிக்கப்பட்டது. தொட்டியில் இழைப்பாசி மண்டுவதும் கண்கூடு. லிட்டருக்கு 2 முதல் 10 மி.கி. நைட்ரேட்டும் அளக்கக்கூடிய பாஸ்பேட்டும் நிலையாக இருப்பதே ஏற்ற இலக்கு என்பது என் முடிவு. அதை எட்ட, மீன்களைக் குறைத்து, எஞ்சிய தீனியும் மண்டியும் சிதையுமுன் உறிஞ்சி எடுப்பதே முதல் வழி. நைட்ரேட் ஏற்கெனவே 40ஐத் தொட்டிருந்தால் வாரம் ஐந்தில் ஒரு பங்கு நீர்மாற்றம் போதும். புதுவரவைக் கட்டுப்படுத்தினால் மூன்று வாரங்களில் அது ஏறக்குறைய பாதியாகும், பவளமும் அந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும்.