அஞ்சலட்டை முதல் பிக் பாஸ் வரை



இந்த ஞாயிறும் பதிவு கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். போன தடவை துய்ப்ளேக்ஸ் பற்றி எழுதியபோது, "சார், எங்க காலத்து வரலாறு ஏதாவது எழுதக் கூடாதா?" என்று 1994 வருஷத்து பத்தாம் வகுப்புக்காரர்கள் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காக இது. நம் வீட்டுக் கூடத்தில் இருந்த டிவிப் பெட்டியில் வந்த பாட்டு, பேச்சு, போட்டி நிகழ்ச்சிகளின் வரலாறு.

இதையெல்லாம் வரலாறு என்று சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். 1980களில் டிவி முன்னால் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாம், முப்பது நாற்பது வருஷத்தில் டிவிக்கு உள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டோம். அது எப்படி நடந்தது, அதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதுதான் இன்றைய பாடம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டில். 1982 இல் டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. அந்த நாளில் நம் காலாப்பட்டில் டிவி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்துக்கு அந்த வீட்டுத் திண்ணை, வாசல், ஜன்னல் கம்பி எல்லாம் நிரம்பிவிடும். மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருப்பவர் "வந்துடுச்சு, வந்துடுச்சு, போயிடுச்சு" என்று கத்துவார். உங்களில் பலர் அந்த மாடியில் நின்றவர்கள்தான்.

அப்போது பார்க்கிறவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் 15 காசு அஞ்சலட்டை. நிகழ்ச்சி நன்றாக இருக்கிறது, இல்லை என்று எழுதிப் போட்டால், 'எதிரொலி' நிகழ்ச்சியில் நிலையத்தார் சில கடிதங்களைப் படித்துப் பதில் சொல்வார்கள். அதில் தன் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வாரம் திருவிழா. குரல் கிடையாது, முகம் கிடையாது. பெயர் மட்டும்.

தூர்தர்ஷனில் விளம்பரமே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். 1976 இலேயே அங்கு விளம்பரம் வந்துவிட்டது. 1984 இல் தொடங்கிய 'ஹம் லோக்' இந்தித் தொடருக்குப் பின்னால் மேகி நூடுல்ஸ் கம்பெனி இருந்தது. ஆனால் எது எப்போது வர வேண்டும் என்று முடிவு செய்தது அரசாங்கம். அந்த முடிவு கைமாறியதுதான் 1990களின் மாற்றம்.

1991 வளைகுடாப் போரைச் சில நகரங்களில் செயற்கைக்கோள் வழியாக சிஎன்என்னில் பார்த்தார்கள். அதே வருஷம் ஸ்டார் டிவி, 1992 அக்டோபரில் ஜீ டிவி, 1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி. இங்கிருந்து தனியார் நேராக வானத்துக்கு ஒளிபரப்பு அனுப்ப அன்று அனுமதி இல்லை. அதனால் ஒளிப்பதிவு நாடா வெளிநாடு போய், அங்கிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறி, நம் தெருவுக்கு இறங்கியது. அலைவரிசை பொதுமக்கள் சொத்து, அது அரசாங்கத்தின் தனியுரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. கேபிள் டிவிக்கு என்று ஒரு சட்டமும் அதே 1995 இல் வந்தது.

நம் ஊர் அமைப்பு உங்களுக்குத் தெரியும். புதுச்சேரியில் பஸ் ஏறினால் முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாடு. பிறகு பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போட்ட கோடு இன்னும் அப்படியே நிற்கிறது. கேபிள்காரருக்கு அந்தக் கோடெல்லாம் தெரியாது. ஒரு பெரிய குடை ஆன்டெனா வைத்து, தென்னை மரத்துக்குத் தென்னை மரம் ஒயர் இழுத்து, மாதச் சந்தா வாங்கிக்கொண்டு எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டார்.

அடுத்து வந்தது டெலிபோன் காலம். சன் டிவியில் 'பெப்சி உங்கள் சாய்ஸ்'. உமா அவர்கள் போனை எடுத்து "உங்க பேரு? எங்கேர்ந்து பேசறீங்க?" என்று கேட்பார்கள். பிடித்த பாட்டைச் சொன்னால் போடுவார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் அந்த லைன் கிடைக்க ஊரே எஸ்டிடி பூத் வாசலில் நின்றது. பல்கலைக்கழக விடுதிப் பிள்ளைகளும் மீன் விற்றுவிட்டு வந்த பெண்களும் ஒரே வரிசையில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அஞ்சலட்டையில் பெயர் மட்டும் போன இடத்தில் இப்போது குரல் போனது. நிகழ்ச்சியின் பெயரிலேயே ஒரு குளிர்பானக் கம்பெனி உட்கார்ந்திருந்ததையும் கவனியுங்கள். மணிக்கணக்கில் முயற்சி செய்து நாம் பேசிய அந்த இரண்டு நிமிஷத்துக்கு வாடகை கொடுத்தவர் அவர்.

பிறகு மைக் வந்தது. விசு அவர்களின் 'அரட்டை அரங்கம்' ஊர் ஊராகப் போய் மேடை போட்டது. கூட்டத்தில் இருந்து ஒரு அம்மா எழுந்து, மகன் சோறு போடவில்லை என்று அழுதால் தமிழ்நாடே அவருடன் அழுதது. பள்ளிக்கூடம் போகாத பெரியவர் எழுந்து அரசியல்வாதியைக் கேள்வி கேட்டார். சாலமன் பாப்பையா அவர்களின் பண்டிகைநாள் பட்டிமன்றங்களும் அந்தக் காலத்துச் சொத்து. ஊர்த் திருவிழாவில் விடிய விடியக் கேட்ட பட்டிமன்றம், நடுவில் விளம்பரம் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தது. 'சப்தஸ்வரங்க'ளில் ஏ.வி. ரமணன் அவர்கள் வளரும் பாடகர்களை மேடையேற்றினார். அங்கே ஒரு பையன் சுருதி விலகினால், அதைப் பத்து தடவை திருப்பிப் போட்டுக் காட்டுகிற வழக்கம் இன்னும் வரவில்லை.

(சித்தி, மெட்டி ஒலி, கோலங்கள் எங்கே என்று அத்தைமார்கள் கேட்பீர்கள். சீரியல் கதை தனிக் கதை. இன்னொரு ஞாயிறு எழுதுகிறேன்.)

2000 ஆம் வருஷம் புதிதாக ஒன்று நடந்தது. அதுவரை நிகழ்ச்சியை நாமே யோசித்துச் செய்தோம். இப்போது நிகழ்ச்சியின் அச்சை வெளிநாட்டிலிருந்து உரிமத்தொகை கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். ஃபார்மட் என்பார்கள். கேள்வி எப்படி ஏறிக்கொண்டே போக வேண்டும், விளக்கு எப்போது மங்க வேண்டும், இசை எப்போது திடுக்கிட வைக்க வேண்டும் என்பது வரை எல்லாம் எழுதி வரும். 1998 இல் பிரிட்டனில் தொடங்கிய கோடீஸ்வரர் வினாடி வினா அப்படி உலகம் சுற்றியது. 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் இந்தியில் அதை நடத்தினார். தமிழில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தினார். 2012 இல் சூர்யா விஜய் டிவியில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று வந்தார்.

பாரிசில் இருக்கும் நம் உறவுகளுக்கு இது நன்றாக நினைவிருக்கும். அதே 2000 இல் அங்கே தெஎஃப்1 சேனலில் அதே நாற்காலி, அதே இசை, பிரெஞ்சில். 1997 அக்டோபரில்தான் நாடு முழுவதற்குமான தனியார் சேனல்களைப் பெற்ற ஹங்கேரியிலும் 2000 இல் அதே நிகழ்ச்சி, ஆர்டிஎல் குளுப் சேனலில், ஹங்கேரிய மொழியில். ஒரே இட்லித் தட்டு, ஊருக்கு ஒரு சட்னி. தனியார் டிவி புதிதாக வந்த நாடுகள் பலவற்றிலும் ஏறக்குறைய இதே கதைதான் நடந்திருக்கிறது.

ஏன் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி? தெஎஃப்1 தலைவராக இருந்த பத்ரிக் லெ லே 2004 இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். கொகா கோலாவுக்கு நாங்கள் விற்பது, பார்ப்பவர் மூளையில் காலியாக இருக்கும் நேரத்தை என்ற பொருளில் அவர் பேசியது பிரான்சில் பெரிய ரகளை ஆனது. நான் அவரைத் திட்ட மாட்டேன். உண்மையைச் சொன்ன வியாபாரி. சந்தையில் மீன் வாங்குகிறவர் நாம் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறோம். இந்தச் சந்தையில் கூடையில் இருப்பது நாம். வாங்குகிறவர் விளம்பரக் கம்பெனிக்காரர்.

இந்த வியாபாரத்தில் நல்லது விளையவில்லையா? விளைந்தது. ஆசிரியனாக அதை மறைக்க மாட்டேன். விஜய் டிவியில் 2005 இல் 'கலக்கப் போவது யாரு', 2006 இல் 'சூப்பர் சிங்கர்', அதே 2006 இல் கோபிநாத்தின் 'நீயா நானா'. சினிமாவில் யாரையும் தெரியாத சிவகார்த்திகேயன் அந்த நகைச்சுவை மேடையிலிருந்து வந்தவர். 'லொள்ளு சபா'விலிருந்து சந்தானம் வந்தார். 2018 இல் கிராமியப் பாட்டுப் பாடும் செந்தில் கணேஷ் 'சூப்பர் சிங்கர்' பட்டம் வாங்கினார். சபாக்களும் ஸ்டுடியோக்களும் கதவைத் திறக்காதவர்களுக்கு இந்த மேடை திறந்தது.

ஆனால் வாக்களிப்பு முறையைப் பாருங்கள். பிடித்த பாடகருக்கு எஸ்எம்எஸ் அனுப்பு என்றார்கள். அந்த எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு. 'சூப்பர் சிங்கர்' என்ற பெயருக்கு முன்னால் நின்றது ஒரு டெலிபோன் கம்பெனியின் பெயர். அஞ்சலட்டைக்கு 15 காசு தபால் இலாகாவுக்குக் கொடுத்தோம். இங்கே ஓட்டுக்கே காசு கொடுத்தோம்.

கடைசியாக வீடு வந்தது. 1999 இல் நெதர்லாந்தில் பிறந்த 'பிக் பிரதர்'. பெயர் ஜார்ஜ் ஆர்வெல் நாவலில் எல்லோரையும் கண்காணிக்கும் தலைவரின் பெயர். மக்களைப் பயமுறுத்த அவர் எழுதியதைப் பிறகு வந்தவர்கள் பொழுதுபோக்காக்கினார்கள். பிரான்சில் 2001 இல் 'லாஃப்ட் ஸ்டோரி', ஹங்கேரியில் 2002, தமிழில் 2017 ஜூன் 25 அன்று கமல்ஹாசன் நடத்த 'பிக் பாஸ்'. போன் கிடையாது, கடிகாரம் கிடையாது, எந்த மூலையிலும் கேமரா. இங்கே பாட வேண்டாம், ஆட வேண்டாம். கோபப்பட்டால் போதும், அழுதால் போதும். பெயர், குரல், முகம், திறமை என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துவந்த நாம், கடைசியில் சுபாவத்தையும் கொடுத்துவிட்டோம்.

இந்த வரலாற்றை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். மகளுக்கு ஒன்பது வயது, நன்றாகப் பாடுவாள். ஒரு போட்டி நிகழ்ச்சியின் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. "அனுப்பலாமா சார்? வீட்ல ரெண்டு கட்சியா நிக்கறாங்க" என்றாள்.

"அனுப்பாதே" என்று நான் சொல்லவில்லை. சட்டத்தைத் தெரிந்துகொண்டு போ என்றேன். உங்களுக்கும் சொல்கிறேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 இல் திருத்தப்பட்டு, 2017 இல் விதிகள் வந்தன. அதன்படி கலைஞராகப் பங்கேற்கும் குழந்தையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரிலேயே தேசியமயமான வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். நிகழ்ச்சி நடத்துபவர் மாவட்ட நடுவரிடம், அதாவது கலெக்டரிடம், அனுமதி வாங்க வேண்டும். அதிகபட்சம் ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். படிப்பு கெடக் கூடாது. குழந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்க வைக்கக் கூடாது.

எத்தனை பெற்றோர் இதைக் கேட்டு வாங்குகிறார்கள்? கையெழுத்துப் போடச் சொல்லும் காகிதத்தைப் படித்துப் பார்க்கிறவர் எத்தனை பேர்? மகள் தோற்று அழும்போது கேமரா பக்கத்தில் வரலாமா, அந்தக் காட்சியை முன்னோட்டமாகப் போடலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நன்றி சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புங்கள். முத்தியால்பேட்டை வழியாக வருகிற பஸ் எப்போதும் இருக்கிறது. பாட்டும் எங்கேயும் போய்விடாது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் குழந்தை டிவியில் பாடும்போது பார்க்கிறவர்கள் நாம்தான். அழுகிற காட்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குடும்பக் குழுவில் அனுப்புகிறவர்களும் நாம்தான். எந்த வினாடியில் நாம் கண்ணை எடுக்காமல் இருந்தோம் என்பதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் அதையே கொஞ்சம் கூட்டித் தருவார்கள். குழந்தை பாடியதை அனுப்புங்கள். அழுததை அனுப்பாதீர்கள். நம் கையில் இருக்கிற அஞ்சலட்டை இப்போது அது ஒன்றுதான்.

உங்களில் யாருக்காவது அந்தப் போன் லைன் கிடைத்ததா? எந்த பூத்திலிருந்து, என்ன பாட்டுக் கேட்டீர்கள்? அரட்டை அரங்கத்தில் மைக் பிடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எழுதுங்கள். அடுத்த ஞாயிறு சீரியல் பதிவில் சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்